ரெமியின் சாக்ஸுக்குள் யானை

மெரின் கையில் ஒரு வண்ணத் தாளையும் ஒரு முழ ரிப்பனையும் கொடுத்துவிட்டால் போதும், குப்பையைக்கூடப் பரிசாக்கிவிடுவாள். இப்படிச் சொன்னவர் ஜானகிராமன். நேரு வீதியில் மெரின் வேலை பார்க்கும் ஃபேன்சி கடையின் முதலாளி. அவர் புகழ்ச்சியாகத்தான் சொன்னார். மெரினும் அதைப் புகழ்ச்சியாகத்தான் எடுத்துக்கொண்டாள். அவள் குடியிருக்கும் உப்பளம் பகுதியில் பிறந்தநாள், புதுநன்மை, கல்யாணம் என்று எந்த வீட்டில் விசேஷம் வந்தாலும் பார்சல் கட்ட அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

எதையும் வீணடிக்காத பெண். பழைய புடவை திரைச்சீலையாகும், திரைச்சீலை தலையணை உறையாகும், உறை கடைசியில் கைப்பிடித் துணியாகும். கணவன் கிளாட்வின் சேதராப்பட்டில் ஒரு கம்பெனிக்குப் போய்வருகிறவன். "நான் கிழிஞ்சா என்னையும் எதுக்காவது தைச்சுக்குவா" என்று சிரிப்பான். அந்தச் சிக்கனத்தில் மெரினுக்குப் பெருமை கொஞ்சம் அதிகம்தான். பெருமை அதிகமாகிற இடத்தில்தான் மனுஷர்களுக்குக் கண் மறைக்கிறது.

இந்த வருஷம் டிசம்பர் பிறந்ததும் பிரான்சிலிருந்து பார்சல் வந்தது. கிளாட்வினின் அக்கா அந்துவானெட் அனுப்பியது. உள்ளே சிவப்புக் கம்பளித் துணியில் தைத்த இரண்டு பெரிய சாக்ஸ். ஒன்றில் லினெட் என்றும் இன்னொன்றில் ரெமி என்றும் பேர் பின்னியிருந்தது. லினெட் இரண்டாம் வகுப்பு படிக்கிற மூத்தவள். ரெமி ஏழு மாதக் கைக்குழந்தை. "ரெண்டு சாக்ஸும் ரொம்பி வழியணும். கிறிஸ்மஸ் தாத்தா குடுக்கும்போது நான் வீடியோவுல பாக்கணும்" என்று போனில் உத்தரவும் வந்துவிட்டது.

"இந்த சாக்ஸு எந்த ராட்சசன் காலுக்கு?" என்று பக்கத்து வீட்டு மேனகா கேட்டாள். கேலி இருக்கட்டும், இதை எதைப் போட்டு நிரப்புவது?

லினெட் விஷயம் சுலபம். கலர் பென்சில், தலைக்கு வளையம், ஒரு கதைப் புத்தகம், சாக்லேட், ஆரஞ்சு. ரெமிக்கு என்ன போடுவது? எதைக் கொடுத்தாலும் வாயில் வைத்துச் சப்பப் போகிறவன். அவனுக்குப் புதுசு எது, பழசு எது? பரணில் லினெட் குழந்தையாக இருந்தபோது விளையாடிய சாமான்கள் அப்படியே கிடந்தன. மெரின் அவற்றை இறக்கினாள். கிலுகிலுப்பையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள், துணிப் புத்தகத்தைத் துவைத்தாள், ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தாளில் சுற்றினாள். மூத்தது விளையாடியதை வைத்து இளையது விளையாடுவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

அதே மூட்டையின் அடியில் ஒரு நீலத் துணி யானை இருந்தது.

அது அங்கே இருந்திருக்கவே கூடாது. போன தவக்காலத்தில் மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டர் பிள்ளைகளிடம் சொல்லியிருந்தார்: "உங்களுக்கு வேணாம்ங்கறத குடுக்கறது ஒறுத்தல் இல்ல. ரொம்பப் புடிச்சத குடுங்க." ஆதரவற்றோர் இல்லத்தில் வளரும் குழந்தைகளுக்காகக் குருத்தோலை ஞாயிறன்று ஆளுக்கொரு பொருளைப் பொட்டலமாகக் கட்டி பீடத்தின் முன்னால் வைக்க வேண்டும். மற்ற பிள்ளைகள் பென்சில் டப்பா, பழைய கார் என்று யோசித்துக்கொண்டிருக்க, லினெட் இந்த யானையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். ஒரு வயதிலிருந்து அதைக் கட்டிப்பிடித்துத்தான் தூங்குவாள். அவளே அதைத் தலைக்குக் குளிப்பாட்டினாள். காதில் கிளிப் மாட்டிக் கொடியில் காயப் போட்டாள். கொடுப்பதற்கு முன்னால் நெற்றியில் சிலுவை போட்டு முத்தம் கொடுத்தாள்.

மெரினுக்கு அப்போது நிறைமாதம். அந்துவானெட் அனுப்பிய யானை, பூப்போல மெத்தென்ற துணி. இன்னொன்று வயிற்றில் இருக்கும்போது இதைக் கொண்டுபோய்க் கண்காணாத இடத்தில் கொடுப்பதா? லினெட் கால் கழுவப் போன நேரத்தில் யானையை ஒளித்தாள். கடையிலிருந்து கொண்டுவந்த வேறொரு பொம்மையை வைத்து, வெள்ளைத் தாளில் அழகாகக் கட்டி, ஊதா ரிப்பன் போட்டு, மேலே மகளின் பேரை எழுதினாள். ஒரு கையில் குருத்தோலையும் ஒரு கையில் பொட்டலமுமாகப் பிள்ளை பீடத்துக்கு நடந்து போனபோது மெரினுக்கு நெஞ்சில் சுருக்கென்றது. வயிற்றுக்குள் இருந்தவன் ஓர் உதை விட்டான். அந்த வலியில் இந்த வலி மறந்துவிட்டது.

அதற்கப்புறம் கொஞ்ச காலம் லினெட் படுக்கும்போது கேட்பாள், "யான இப்ப யாருகூடம்மா தூங்கும்?" மெரின் திரும்பிப் படுத்துக்கொண்டே சொல்வாள், "ஒரு குட்டிப் பாப்பாகூட." பிறகு அந்தக் கேள்வி நின்றுபோனது. பிள்ளை மறந்துவிட்டாள் என்று மெரின் முடிவு கட்டினாள்.

ஆகவே யானையும் ரெமியின் சாக்ஸுக்குப் போவதென்று ஆயிற்று. சும்மா போடவில்லை. தன் கைத்திறமையெல்லாம் காட்டினாள். பிய்ந்திருந்த காதைப் பிரித்து நீல நூலால் தைத்தாள். முதுகில் சரிகைத் துணி போர்த்தினாள், கழுத்தில் மணி கட்டினாள். தள்ளி வைத்துப் பார்த்தபோது அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. கெட்டிக்காரிதான் என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டாள்.

கோயிலின் தெருக் குழுவான அன்பியத்துக்காரர்கள் வீடு வீடாகக் கேரல் பாடி வருவதற்கு முன்னால், பிள்ளைகளுக்குத் தெரியாமல் அவரவர் பரிசைத் தலைவர் லூர்துநாதனிடம் கொடுத்துவிட வேண்டும். தாத்தா வேஷம் போடுகிறவர் வீட்டு வாசலில் அதை மூட்டையிலிருந்து எடுத்துக் கொடுப்பார். ஊருக்கே தெரிந்த ஏற்பாடு, பிள்ளைகளுக்கு மட்டும் தெரியாது. மெரின் இரண்டு சாக்ஸையும் துணிப்பையில் போட்டு மத்தியானமே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

சாயங்காலம் டிரம் சத்தம் தெருமுனையில் கேட்டதுமே பிள்ளைக் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஜோசப் ஆனந்த்தான் தாத்தா. ஏசி ரிப்பேர் பார்க்கிற ஆள். பிளாஸ்டிக் முகமூடிக்குள் வேர்த்து விறுவிறுத்து, வயிற்றில் கட்டிய தலையணை சரியச் சரிய ஆடிக்கொண்டு வந்தார். கிறிஸ்மஸ் குடிலுக்கு முன்னால் ஒரு பாட்டு, ஒரு செபம். கிளாட்வின் போனை உயர்த்திப் பிடித்தான். அந்துவானெட் அதற்குள்ளிருந்து கையாட்டினாள். லினெட்டுக்கு ஒரு சாக்ஸ் வந்தது. ரெமிக்கு வந்ததை, "அக்கா பிரிச்சுக் காட்டு" என்று தாத்தா லினெட்டிடமே கொடுத்தார்.

கிலுகிலுப்பை வந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். துணிப் புத்தகம் வந்தது. லினெட் அதைப் புரட்டி, "இது என்னுது மாதிரியே இருக்கு" என்றாள். மெரின் சிரித்தாள். மூன்றாவதாக யானை வந்தது.

லினெட் சரிகையைப் பார்க்கவில்லை, மணியைப் பார்க்கவில்லை. கை பட்டதுமே தெரிந்துவிட்டது. மூக்கில் வைத்து மோந்தாள். பிறகு நிமிர்ந்து தாத்தாவைப் பார்த்தாள்.

"இது நான் இல்லத்துப் பாப்பாவுக்குக் குடுத்தது. அதுகிட்ட இருந்து ஏன் புடுங்கிட்டு வந்தீங்க?"

கூட்டம் சிரித்தது. லூர்துநாதன் முன்னால் வந்து, "தாத்தாகிட்ட நெறைய யான இருக்கும்மா. இது வேற" என்றார்.

"ஆமாண்டி, இது புதுசு" என்று மெரினும் சேர்ந்துகொண்டாள். வாய் தானாகச் சொன்னது.

"இல்ல. இது என் யான. அந்தப் பாப்பா இத கட்டிப்புடிச்சுத்தான் தூங்கும், அம்மா சொல்லிச்சு. இப்ப அது அழுவும்." லினெட் தாத்தாவின் சிவப்பு அங்கியைப் பிடித்து இழுத்தாள். "வாங்க, போய்க் குடுத்துட்டு வந்துடலாம். நானும் வரேன். அதுகிட்ட மன்னிப்புக் கேளுங்க. திருடறது பாவம் இல்லியா?"

"இன்னா, யாரு திருடினா?" என்று போனுக்குள்ளிருந்து அந்துவானெட் கத்தினாள். வாசலில் நின்ற பிள்ளைகள் ஒருத்தர் காதில் ஒருத்தர் குசுகுசுத்தார்கள். மேனகாவின் மகன் தாத்தாவிடம் கை நீட்டி வாங்கியிருந்த மிட்டாயைத் தயக்கத்தோடு பார்த்தான். ஜோசப் ஆனந்த் முகமூடியைத் தூக்கவும் முடியாமல், வாய் திறக்கவும் முடியாமல் மெரினைப் பார்த்தபடி நின்றார்.

மெரின் கணக்குப் போட்டாள். ஒரு வார்த்தை பேசாமல் இருந்தால் பழி முகமூடியோடு போய்விடும். தாத்தா தெருவைத் தாண்டிவிட்டால் எல்லாம் அடங்கிவிடும். ஆனால் பிள்ளை அங்கியை விடுகிறதாயில்லை. அவள் முகத்தில் கோபத்தைவிட பயம்தான் அதிகம் தெரிந்தது. எங்கோ ஒரு குழந்தை வெறும் கையோடு அழுகிறதே என்ற பயம். அதைப் பார்த்துக்கொண்டு மெரினால் நிற்க முடியவில்லை.

"தாத்தாவ விடு, லினெட்" என்றாள். "அவரு யாருகிட்டயும் புடுங்கல. நான்தான்... நான் அத குடுக்கவே இல்ல. மாத்தி வெச்சுட்டேன். யான நம்ம வூட்டுலதான் இருந்துச்சு."

டிரம் அடிக்கிற பையன்கூடக் குச்சியை இறக்கிவிட்டான். லூர்துநாதன் குடிலைப் பார்த்தார். கிளாட்வின் போனை மெல்லக் கீழே இறக்கினான், அவனுக்கும் இது இப்போதுதான் தெரிகிறது. வாடிக்கையாளர் எப்பேர்ப்பட்ட ஆளானாலும் பேசிச் சமாளிக்கிற மெரின், வாழ்க்கையில் முதல் தடவையாகத் தரை பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்று நினைத்தாள்.

லினெட் அங்கியை விட்டாள். அம்மா பக்கம் திரும்பினாள்.

"அப்போ அந்தப் பொட்டலத்துல இன்னாம்மா இருந்துச்சு?"

பொய் சொல்ல இன்னும் இடம் இருந்தது. நல்ல பொம்மைதான் என்று சொன்னால் பிள்ளை நம்பியிருக்கும். மெரின் ரெமியை இடுப்பில் இறுக்கிக்கொண்டாள்.

"கடையில கழிச்சுப் போட்ட பொம்ம. ஒரு கண்ணு தொறக்காது."

பிள்ளை அழுவாள், யானையை விட்டெறிவாள், அம்மா பொய்க்காரி என்று கத்துவாள் என்று மெரின் காத்திருந்தாள். அப்படிக் கத்தியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பாள். லினெட் கத்தவில்லை. தெருப் பிள்ளைகளை ஒரு தடவை, சிஸ்டரிடம் தன்னோடு மறைக்கல்வி படிக்கிறவர்களை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். காது சிவந்துபோயிற்று. மெரினுக்கு மட்டும் கேட்கும்படி, மிகவும் மெதுவாகச் சொன்னாள்:

"அதுல எம் பேர எழுதிக் குடுத்தியேம்மா."

சொல்லிவிட்டு, யார் முகத்தையும் பார்க்க மாட்டாமல், தலையைக் குனிந்துகொண்டாள்.