டீச்சர் நீக்கிய வரி

பீளமேட்டு அலுவலகத்துக்கு இன்று தபாலில் ஒரு புத்தகம் வந்தது. பிரித்ததும் புது மை வாசனை. என் ஐந்தாம் வகுப்பு டீச்சர் ஓய்வுபெற்ற பின் வெளியிட்ட முதல் கதைத் தொகுப்பு.

காரமடைப் பள்ளியில் வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில், தான் எழுதிய கதைகளை அவர் நோட்டிலிருந்து வாசிப்பார். வகுப்பறையில் மத்தியானச் சாம்பார் மணம் இன்னும் நிற்கும். ஒருநாள் கதையில், களை வெட்டும் பெண்ணொருத்தி மகளைப் பள்ளியில் சேர்க்க வந்து அழுதாள். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கு வந்த நான் எழுந்துவிட்டேன்.

"அது எங்கம்மாங்க டீச்சர். அவங்க அழுகவே இல்லீங்க."

"நெசமாவா அம்மணி?"

"நான் பக்கத்துலதானுங்க நின்னேன்."

வகுப்பே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. எங்கள் நோட்டைத் திருத்தும் சிவப்புப் பேனாவை எடுத்து, தன் வரியை அடித்தார்.

இன்று மாலை வீட்டில், புத்தகத்திலிருந்து அந்தக் கதையை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அச்சிலும் அந்தப் பெண் அழவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மா கேட்டாள்.

"நீ கிளாசுக்குள்ள போனதும் நான் அழுதுபோட்டேன் கண்ணு. டீச்சரு அவங்க குடிக்கிற டம்ளர்லயே எனக்குத் தண்ணி குடுத்தாங்க. அதைய ஏன் எழுதாம உட்டுப்போட்டாங்க?"