ஆயுத பூசையன்று காணாமற்போன கிளாம்பு

அண்ணனின் முதலாண்டுத் திதிக்கு வந்து, இலையில் அமர்ந்து உண்டு, இப்போது இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர் அனைவருக்கும் அவருடைய தங்கையின் வணக்கம். கருமாதியின்போதே மலர் போடவில்லையே என்று சிலர் குறைப்பட்டார்கள். அன்று எழுதியிருந்தால் அழுகை மட்டுமே இருந்திருக்கும். அண்ணனைப் பற்றி எழுத அழுகை மட்டும் போதாது. ஆத்திரமும் வேண்டும். பொறுமையாகப் படியுங்கள். படித்து முடித்தபின் கோபித்துக்கொள்ளலாம்.

அண்ணன் தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்தவர். ஜொகூருக்கு ரயில் பாதை போட ஆள் சேர்த்தபோது அப்பா கப்பலேறினார். அம்மாவும் சிறு பிள்ளையாக இருந்த அண்ணனும் கூட வந்தார்கள். பாதை பாலோ என்ற ஊரைத் தாண்டிப் போயிற்று. எங்கள் குடும்பம் தாண்டவில்லை. அங்கேதான் நான் பிறந்தேன். காய்ச்சலில் அப்பா போனதும் அங்கேதான். மீசை அரும்பும் முன்பே அண்ணன் செடெனாக் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் ஆலை வேலைக்குப் போய், எண்ணெய் துடைக்கும் ஆளாகச் சேர்ந்து, இயந்திரங்களைப் பூட்டிப் பழுதுபார்க்கும் பிட்டர் ஆனார். ரப்பர் பாலை உருட்டும் இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்டே எது தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஆனால் நான் வாய் திறந்து சொல்லாவிட்டால் வீட்டில் உப்பு தீர்ந்தது அவருக்குத் தெரியாது. அண்ணி வாழ்ந்தது கொஞ்ச காலம்தான். பிள்ளை இல்லை. மறுமணம் பற்றிப் பேச வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிடுவார்.

பிறகு பாலோவில் சொந்தப் பட்டறை வைத்தார். பக்கத்துக் கடை ஒரு சீனத் தச்சருடையது. மேசை, நாற்காலி, அலமாரி செய்வார். இரண்டு கடைக்கும் நடுவே பலகைத் தடுப்பு மட்டும்தான். அந்தத் தச்சரின் ஓயாத சண்டையே அண்ணனின் கருவிக்கு வித்து என்று சொல்லலாம்.

பலகைகளைப் பசை தடவி ஒட்டும்போது அசையாமல் பிடிக்கக் கிளாம்பு வேண்டும். இரும்புத் தகட்டைத் துளையிடும்போதும் வேண்டும். அன்றிருந்தவை எல்லாம் முழுநீளத் திருகு வைத்தவை. அகலமான பொருளுக்கு வைத்ததை மெல்லியதற்கு மாற்ற, திருகைச் சுற்றிச் சுற்றியே கை ஓய்ந்துவிடும். சுற்றி முடிப்பதற்குள் வெயிலில் பசை காய்ந்துவிடும். தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து தச்சர் பாதி மலாயும் பாதி தமிழுமாகக் கத்துவார்:

"அலமாக்! பசை மறுபடியும் காஞ்சிருச்சு லா! நீ இரும்பு ஆளுதானே? ஒண்ணு செஞ்சு குடு லா!"

அண்ணன் செய்து கொடுத்தார். நீண்ட பட்டை இரும்பு ஒன்று. அதன் நுனியில் அசையாத தாடை. இன்னொரு கை அந்தப் பட்டையின்மேல் தாராளமாக வழுக்கி ஓடும். பொருளைத் தொடும்வரை கையைத் தள்ளிவிட்டு, அதன் முனையிலுள்ள குட்டித் திருகை லேசாக முறுக்கினால் போதும். அந்தக் கை சற்றே சாய்ந்து பட்டையைக் கவ்விக்கொள்ளும். முறுக்க முறுக்கக் கவ்வும். தளர்த்தினால் மறுபடி வழுக்கும். வெள்ளைக்காரர் நாட்டில் இப்படி ஒன்று அப்போதே இருந்ததோ என்னவோ, நான் அறியேன். பாலோவில் இல்லை, மூவாரில் இல்லை. அண்ணன் எதையும் பார்த்துச் செய்யவில்லை.

செய்து கொடுத்தார் என்று எழுதிவிட்டேன், ஆனால் உடனே ஆகிவிடவில்லை. பட்டை நுழையும் துளை இறுக்கமாக இருந்தால் கை ஓடாது, அகன்றால் கவ்வாது. அரத்தால் ராவி ராவி எத்தனை கைகளை வீணாக்கினாரோ! ஒருநாள் அது பிடித்துக்கொண்டது. நான் வாழ்க்கைப்பட்ட மூவாரிலிருந்து அன்று வந்திருந்தேன். முழு உடம்பையும் அதில் தொங்கவிட்டுக் காட்டிவிட்டுச் சொன்னார்: "இந்தக் கை நம்ம சொந்தக்காரங்க மாதிரி தங்கச்சி. சும்மா இருக்கறப்ப நழுவும். பாரம் வந்தா விடாது."

இரும்பைப் பற்றி அவர் போட்ட கணக்கு சரி. சொந்தக்காரர்களைப் பற்றிப் போட்டது தப்பு.

என்னை மூவாரில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தவருக்குக் கட்டிக் கொடுத்தது அண்ணன்தான். என் கணவரை நீங்கள் எல்லாரும் அறிவீர்கள். பேச்சில் தேன் ஒழுகும். அண்ணனை வாய் நிறைய "மச்சான், மச்சான்" என்பார். புதிய கிளாம்பைப் பற்றிக் காதில் விழுந்ததிலிருந்து "கண்ணுல காட்டக் கூடாதா மச்சான்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அண்ணன் காட்டவில்லை. விஜயதசமியன்று நல்ல நேரத்தில் எடுத்து, மூவார் நாற்காலிக் கடைகளுக்குத் தானே கொண்டுபோய்க் காட்டுவதாக இருந்தார். ஒரு கருவி மட்டும்தான் சரியாக அமைந்திருந்தது.

ஆனால் விஜயதசமிக்கு முதல் நாள் ஆயுத பூசை. நானும் கணவரும் பாலோ போயிருந்தோம். அரம், சுத்தியல், உளி என்று கருவிகளை எல்லாம் துடைத்துச் சிவப்புத் துணிமேல் வரிசையாக வைத்தோம். அண்ணன் பெட்டியைத் திறந்து கிளாம்பையும் எடுத்து நடுவில் வைத்தார்.

"எல்லாரும் வர்றாங்களே அண்ணே, பாத்துருவாங்களே?" என்றேன்.

"பாக்கட்டும். சாமிக்கு மறைச்சு ஒரு சாமான் வைக்கலாமா? பூசையில இருக்கறத எவன் தொடப் போறான்?"

நம்மவர்களுக்கு மட்டுமே வரக்கூடிய நம்பிக்கை இது. பொட்டு வைத்த கருவியை மறுநாள் வரை யாரும் தொடமாட்டார்கள். திருடனும் தொடமாட்டான் என்று நினைக்கிறோம். அதனால் அன்றைக்குப் பட்டறைக்குப் பூட்டும் கிடையாது.

கருவிகளுக்குப் பொட்டு வைப்பது எப்போதும் நான்தான். எண்ணெய்ப் பிசுக்குள்ள இரும்பில் சந்தனம் நிற்காது, வழிந்துவிடும். அதற்காக எங்கள் அம்மா சந்தனத்தில் கெட்டிக் கஞ்சி குழைப்பார். காய்ந்தால் நகத்தால் சுரண்டினாலும் பெயராது. வேறு எந்த வீட்டிலும் இப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. அம்மா செய்தபடியே குழைத்து, மோதிர விரலால் எடுத்து, கிளாம்புக் கை வளையும் இடத்தில் தடிமனாக ஒன்று வைத்தேன். விரலை எடுக்கும்போது கீழ்ப்பக்கம் சற்று இழுத்துவிடுவது என் பழக்கம். என் பொட்டுகள் வட்டமாக இருக்காது, மாங்காய் போல இருக்கும். அண்ணன் அதைக் கேலி செய்வார்.

பொரியும் சுண்டலும் கொடுத்தாயிற்று. சாப்பாடு முடிந்து எல்லாரும் கண்ணயர்ந்த நேரத்தில் என் கணவர், சிங்கப்பூரில் சரக்கு ஒன்று வந்து கிடக்கிறது, உடனே போகவேண்டும் என்று பையைத் தூக்கிக்கொண்டு ரயிலுக்குக் கிளம்பினார். நான் பின்னால் வருவதாகச் சொல்லித் தங்கிவிட்டேன். மறுநாள் அண்ணன் பட்டறைக்குள் போய்ச் சூடம் காட்டினார். நடுவில் கிளாம்பு இல்லை. நான் பதறினேன். அண்ணன் துணியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நான்தான் எடுத்து உள்ள வச்சேன் தங்கச்சி" என்றார்.

நம்பினேன். அண்ணன் பொய் சொல்லி அதற்குமுன் நான் கேட்டதில்லை.

சில மாதங்களில் மூவாரில் எங்கள் கடைவாசலில் புதுக் கிளாம்புகள் தொங்கின. பட்டையில் என் கணவரின் பெயர் இருந்தது. கேட்டதற்கு, "உங்க அண்ணன் யோசனை கொஞ்சம், என் யோசனை கொஞ்சம். ரெண்டு பேரும் பேசிக்கிட்டுத்தான் செய்யறோம்" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நாற்காலிக் கடைத் தவுக்கேமார், அந்தச் சீன முதலாளிகள், வந்து வாங்கினார்கள். பாலோவிலிருந்து அண்ணன் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. கோயில் திருவிழாவில் "புதுக் கருவி கண்ட கெட்டிக்காரர்" என்று என் கணவருக்கு மாலை போட ஏற்பாடாயிற்று. குடும்பத்துப் பெரியவர் கையால் போடவேண்டும் என்று அண்ணனை மேடைக்கு அழைத்தார்கள். அண்ணன் மாலையை இரு கையாலும் ஏந்திப் போட்டார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன், ஆனந்தக் கண்ணீரோடு. அந்தக் கண்ணீருக்காக இன்றும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

அடுத்த ஆயுத பூசை எங்கள் கடையில். புதுக் கிளாம்புகளை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். சந்தனக் கிண்ணத்தோடு உட்கார்ந்தேன். முதல் கிளாம்பின் வளைவில் விரலை வைத்தேன். விரலுக்கடியில் மேடு. இரும்பிலேயே ஒரு மேடு. வார்ப்பில் பிசிறு என்று நினைத்து அடுத்ததற்குப் போனேன். அதே இடம், அதே மேடு. அதற்கடுத்ததிலும் அதேதான். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். கீழ்ப்பக்கம் இழுத்த மாங்காய்.

அண்ணனின் கருவியையே மண்ணில் பதித்து அச்செடுத்து வார்த்திருக்கிறார்கள். காய்ந்து கல்லாகியிருந்த என் பொட்டும் அச்சில் விழுந்திருக்கிறது. பெயரை மாற்றியவர் பொட்டைக் கவனிக்கவில்லை.

"என்னங்க, இது என்ன?" என்றேன்.

அவர் பார்த்தார். அவருக்குப் புரிய நேரமாகவில்லை. "பூசை நேரத்துல சத்தம் போடாத. ஆளுங்க இருக்காங்க. அப்புறம் பேசலாம்" என்றார்.

அப்புறம் பேச நான் அங்கே இல்லை. மறுநாளே பாலோ போய்ச் சேர்ந்தேன். பட்டறையில் அண்ணன் மிதிவண்டிச் சக்கரம் ஒன்றை நிமிர்த்திக்கொண்டிருந்தார். கொண்டுபோன கிளாம்பை முன்னால் வைத்தேன். பொட்டைத் தடவிப் பார்த்தார்.

"தெரியும்மா" என்றார்.

"எப்ப இருந்து?"

"துணி மேல அது இல்லாம போச்சே, அப்ப இருந்து."

"அப்புறம் எதுக்கு மாலை போட்டீங்க? என் முன்னாலயே?"

"கேட்டிருந்தா சண்டை வரும். சண்டை வந்தா உன்னை அனுப்பிருவாரு. அப்புறம் நீ எங்க போவ?"

"இங்கதான். இதோ வந்துட்டேன்ல?"

அண்ணன் மறுபடி சக்கரத்தை எடுத்து நிமிர்த்தத் தொடங்கினார். கணவர் செய்தது களவு. அதை விட்டுத்தள்ளலாம், ஆசை கண்ணை மறைத்தது என்று சொல்லலாம். அண்ணன் செய்ததை என்னவென்று சொல்வது? என் வாழ்வைக் காப்பதாக நினைத்து, திருடிய கைக்கு நான் சோறு போட்டுக்கொண்டிருக்கும்படி விட்டுவிட்டார். ஒருவர் எடுத்தார், ஒருவர் மறைத்தார். இருவருக்கும் நடுவில் நான் சிரித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அந்த வருத்தத்தில் நெடுநாள் அண்ணனோடு பேசாமல் சோறு மட்டும் போட்டேன். அவரும் பேசாமல் சாப்பிட்டார். ஒருநாள் குழம்பில் உப்பே போடாமல் வைத்தேன். அதையும் நன்றாக இருக்கிறது என்று சாப்பிட்டார். அதற்குமேல் கோபமாக இருக்க முடியவில்லை.

நான் புகுந்த வீட்டை விட்டு வந்ததற்குக் காரணம் தெரியாமல் நீங்கள் பேசியதெல்லாம் என் காதுக்கு வந்தது. திமிர் என்றீர்கள். அண்ணன் செல்லம் என்றீர்கள். ரப்பர் விலை விழுந்து தோட்டங்களில் ஆட்குறைப்பு நடந்தபோது உங்களில் பலருக்கு என் கணவரின் கடையில்தான் வேலை கிடைத்தது. ஆகவே அண்ணனுடைய பட்டறையில் அந்தக் கருவியைக் கண்ணால் பார்த்தவர்களும் வாயைத் திறக்கவில்லை. வயிற்றுப் பாடு, புரிகிறது. ஆனால் புரிவது வேறு, ஆறுவது வேறு.

எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன் என்று நான் துடித்தபோது அண்ணன் என் கையைப் பிடித்துக் கேட்டார்: "நான் உசுரோட இருக்கிற வரைக்கும் இத வெளிய பேசாதம்மா." வாக்குக் கொடுத்தேன். அவர் கேட்டது அவ்வளவுதான்; இருக்கும்வரை. நான் காப்பாற்றினேன்.

அவர் பிறகு கிளாம்பு செய்யவே இல்லை. மிதிவண்டியும் மாட்டுவண்டிப் பட்டையும் பார்த்தே காலம் போயிற்று. நெஞ்சுவலி வந்து அரசாங்க ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, கட்டில் கால் ஒன்று ஆடுவதை இறுக்கச் சொல்லி மிசியிடம், அதாவது நர்சம்மாவிடம், சண்டை போட்டார். ஒரு காலைப் பொழுதில் என்னிடம் தண்ணீர் கேட்டார். குடித்தார். அதோடு சரி. அவர் மன்னித்துவிட்டுத்தான் போனார். நான் மன்னிக்கவில்லை, அதையும் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் உண்டு. அண்ணனின் சவப்பெட்டிக்குப் பலகை அறுத்து, கூலி பேச வந்தவரைத் திட்டி அனுப்பிவிட்டு அழுத பக்கத்துக் கடைத் தச்சருக்கு. மழையில் கூரைத்துணி கட்டிக் கொடுத்த பக்கத்துக் கம்பத்து, அதாவது கிராமத்து, மலாய்க்காரர்களுக்கு. பாலோ, செடெனாக் தோட்டத்துப் பிட்டர்களுக்கு. வேண்டாம் என்று சிலர் சொல்லியும் இதை அச்சுக்கோத்த அச்சகத்தாருக்கு. காரியத்துக்கும் திதிக்கும் வந்து முன்வரிசையில் அமர்ந்த என் கணவருக்கும், வந்ததற்கு நன்றி.

கடைசியாக ஒன்று. உங்களில் பலர் வீட்டில் அந்தக் கிளாம்பு இருக்கும். எடுத்து, கை வளையும் இடத்தைத் தடவிப் பாருங்கள். அது வார்ப்புப் பிசிறு அல்ல, சந்தனம். கருவி அண்ணனுடையது, பொட்டு நான் வைத்தது. வருகிற ஆயுத பூசையில் அதற்கு நீங்கள் பொட்டு வைக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே வைத்தாயிற்று.