ஒழுகும் அறையில் பேசும் பூனை

அலுவலகத்தில் அவருக்குப் பூட்டு என்று பேர். பெற்றவர்கள் வைத்த பேர் கழுத்தில் தொங்கும் அட்டையில் மட்டும் இருந்தது. வீடியோ கேம் செய்யும் அந்தக் கம்பெனியில் சேர்ந்த புதிதில், யார் எப்படி முட்டினாலும் திறக்காத கதவு ஒன்றைச் செய்துவைத்தார். உண்மையில் அது திறக்க வேண்டிய கதவுதான். எங்கேயோ கணக்கு பிசகிவிட்டது. விளையாடியவர்களோ அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று இணையத்தில் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினார்கள். முதலாளி தோளில் தட்டினார். இவரும் வாயை மூடிக்கொண்டார். அன்று விழுந்த பேர் விளையாடுகிறவர்கள் வரைக்கும் பரவியது; முன்வழுக்கை வந்த பிறகும் போகவில்லை.

‘பாழ்வீடு’ என்பதுதான் அவர்களுடைய விளையாட்டு. மூன்று பாகங்கள் வந்திருந்தன. ஆள் இல்லாத ஒரு பெரிய வீட்டுக்குள் நீங்கள் நுழைகிறீர்கள். துப்பாக்கி கிடையாது, வரைபடம் கிடையாது, இப்படிப் போ என்று காட்ட அம்புக்குறி கிடையாது. பார்த்து, கேட்டு, யோசித்து அடுத்த அறைக்கு வழி கண்டுபிடிக்க வேண்டும். பெரிய விற்பனை என்று சொல்ல முடியாது. ஆனால் வாங்கியவர்கள் ஒட்டிக்கொண்டார்கள். ஒரு படியின் கிறீச்சுச் சத்தம் இரண்டாம் பாகத்தில் மாறிவிட்டது என்று சண்டைக்கு வருகிற அளவுக்கு ஒட்டிக்கொண்டார்கள்.

நான்காம் பாகத்துக்கு முதலாளிகள் மாறினார்கள். புதிதாகத் தயாரிப்புப் பொறுப்புக்கு வந்த மேடத்துக்கு முப்பது வயதுகூட இருக்காது. சிரித்த முகம், கோபமே வராது. அதனால் அவரோடு சண்டை போடவும் வழியில்லை.

“இதுவரைக்கும் நம்ம கேம் தெரிஞ்சவங்களுக்கு மட்டும்தான். இனிமே எல்லாருக்கும். பஸ்ஸுக்கு நிக்கிறவங்க, ஒரு கையால சமைச்சுக்கிட்டு இன்னொரு கையால விளையாடுறவங்க, நம்ம பூட்டு சார் வீட்டம்மா... எல்லாரும் வரணும்.”

“ஒரு கையாலயா? அப்ப காதை எதால பொத்திக்குவாங்க மேடம்?” என்றார் சத்தக்காரர். விளையாட்டில் வரும் ஒலிகளெல்லாம் அவர் வேலை. எல்லாரும் சிரித்தார்கள். மேடமும் சிரித்தார். சிரித்து முடித்ததும் திரையில் அடுத்த படத்தைப் போட்டார்.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்து இறங்கின. முதலில் துப்பாக்கி. பிறகு சுவரைத் தாண்டிக் குதிக்கிற வித்தை. உடைத்தால் தங்கக் காசு சிதறுகிற பானைகள். தரையில் மினுமினுக்கும் அம்புக்குறி. கடைசியாக, நாயகன் தோளில் ஒரு பேசும் பூனை. நீங்கள் யோசிக்க ஆரம்பிப்பதற்குள் அது விடையைச் சொல்லிவிடும். “அட, அங்க பாரு, சாவி!” என்று கீச்சுக்குரலில் கத்தும்.

“அண்ணே, இது வீட்டைப் பாழாக்க வந்த பூனைண்ணே” என்றார் சத்தக்காரர். அந்தக் குரலைப் பதிவு செய்ததும் அவர்தான். ஒரு வாரம் வீட்டில் பிள்ளைகள் பேசினாலே எரிந்து விழுந்தாராம்.

பூட்டு எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஊரோடு ஒத்துப்போகிற ஆள். ஓர் அறையை மட்டும் விடச் சொன்னார்.

அது ஒழுகும் அறை. கூரை பல இடங்களில் ஒழுகும். ஒவ்வொரு ஒழுக்குக்கும் கீழே யாரோ எப்போதோ ஒரு பாத்திரம் வைத்திருக்கிறார்கள்: வாளி, குடம், தட்டு, கோப்பை. சொட்டுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சுதியில் விழும். ஒரே ஒரு பாத்திரத்தில் மட்டும் சொட்டு விழும்போது அடியில் லேசாக ஒரு முழக்கம் கேட்கும். அங்கே தரைக்கு அடியில் வெற்றிடம். அங்கேதான் அடுத்த வழி. அசையாமல் நின்று கேட்டால்தான் தெரியும். நடந்தால் காலடிச் சத்தத்தில் கரைந்துபோகும். அந்த முழக்கத்துக்காகப் பூட்டும் சத்தக்காரரும் ஒரு மழைக்காலம் முழுக்க வீட்டுப் பாத்திரங்களை மாடியில் பரப்பிவைத்துக் குந்தியிருந்தார்கள். பூட்டு செய்த அத்தனை அறைகளிலும், செய்து முடித்த பிறகும் அவரே போய் நிற்கத் தோன்றிய அறை அது ஒன்றுதான்.

ஆனால் வெள்ளோட்டத்தில் அந்த அறை சிவப்பாக வந்துகொண்டிருந்தது.

வெள்ளோட்டம் என்றால், வெளியாட்களைக் கூட்டிவந்து விளையாடவிட்டுப் பார்ப்பது. அவர்கள் இருக்கும் அறையின் ஒரு பக்கம் கண்ணாடி. அவர்களுக்கு அது வெறும் கறுப்புச் சுவர். இந்தப் பக்கம் இருட்டில் செய்தவர்கள் உட்கார்ந்து பார்ப்பார்கள். பார்க்கலாம், அவ்வளவுதான். வாய் திறக்கக் கூடாது, தட்டக் கூடாது, வந்தவர் சுவரில் முட்டிக்கொண்டே நின்றாலும் உதவக் கூடாது. பூட்டு கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்காருவார். முடிந்ததும் வெள்ளோட்டம் நடத்துகிற பெண் வண்ணப்படம் ஒன்றைக் காட்டுவாள். ஆட்கள் சுகமாகக் கடந்த அறை பச்சை. மாட்டிக்கொண்ட அறை சிவப்பு.

“நான் பிடிவாதக்காரி இல்ல சார். அடுத்த தடவை எல்லாருமே கேம் தொடாத புது ஆளுங்க. அதுல ஒருத்தராவது சிவப்பாகாம வெளிய வந்துட்டா, அறை அப்படியே இருக்கட்டும்” என்றார் மேடம்.

நியாயமாகத்தான் இருந்தது. பூட்டு வெளிச்சத்தைக் கூட்டினார், பாத்திரங்களைக் குறைத்தார், முழக்கத்தைக் கொஞ்சம் தூக்கினார்.

அந்த நாளில் வர வேண்டிய ஒருவர் வரவில்லை. வரவேற்பில் சும்மா உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணியை வெள்ளோட்டம் நடத்துகிற பெண்ணே கெஞ்சி அழைத்து வந்து உட்காரவைத்துவிட்டாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்த பூட்டுக்குத் தூக்கிவாரிப்போட்டது. உள்ளே, காதுகளில் பெரிய ஹெட்போனோடு, நாயகனை நடத்துகிற கைப்பிடியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு இருந்தது அவர் மனைவி. பூட்டு தன் மூக்குக்கண்ணாடியை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்திருந்தார். அதைக் கொடுத்துவிட்டுப் போக வந்தவள்.

வீட்டார் யாரும் வெள்ளோட்டத்தில் உட்காரக் கூடாது என்பது விதி. சொல்லியிருக்க வேண்டும். எழுந்துகூட நின்றார். ஆனால் அதற்குள் திரையில் கதவு திறந்துவிட்டது. அவர் மறுபடி உட்கார்ந்தார்.

மனைவிக்கு ஒரு கம்பெனியின் புகார்ப் பிரிவில் தொலைபேசி எடுக்கிற வேலை. பகல் முழுக்கக் காதுக்குள் யாராவது கத்திக்கொண்டே இருப்பார்கள். கணவனின் தொழிலைப் பற்றி யாராவது கேட்டால், “பொம்மை ஓட்டுறார்” என்பாள். இந்த விளையாட்டை ஒருநாளும் தொட்டதில்லை. இப்போது நாயகனைச் சுவரிலும் தூணிலும் முட்டவைத்து, “ஐயோ, மன்னிச்சுக்கப்பா” என்று அவனிடமே சொல்லிக்கொண்டு, எப்படியோ ஒழுகும் அறைக்கு வந்து சேர்ந்தாள்.

வந்ததும் நின்றாள். கைப்பிடியை மடியில் வைத்தாள். கண்ணை மூடினாள்.

நேரம் போய்க்கொண்டே இருந்தது. அவள் தோள்கள் மெல்லத் தாழ்வதை அவர் பார்த்தார். கல்யாணமான புதிதில் பார்த்த முகம் அது. பிறகு கண்ணைத் திறந்து, நேரே மூலையில் இருந்த குடத்திடம் போய், அதை நகர்த்தினாள். தரை திறந்தது. “ஹா!” என்று வாய்விட்டுச் சிரித்தாள்.

இருட்டில் பூட்டு சத்தக்காரரின் கையைப் பிடித்து நசுக்கிவிட்டார்.

“கண்டுபிடிச்சிட்டாங்கண்ணே! அறை பொழச்சிருச்சு!”

வண்ணப்படம் வந்தது. ஒழுகும் அறை சிவப்பு.

“எப்படிம்மா? கண்டுபிடிச்சிட்டாங்களே!”

“கண்டுபிடிச்சாங்க சார். ஆனா அதுக்கு முன்னாடி ரொம்ப நேரம் நின்னுட்டாங்க. அரை நிமிஷத்துக்கு மேல ஒரே இடத்துல அசையாம இருந்தா மாட்டிக்கிட்டதாதான் சார் அர்த்தம்.”

“யார் சொன்னது?”

“நீங்கதான் சார்.”

அவருக்கு நினைவு வந்தது. முதல் பாகத்தின்போது ஆட்கள் சுவர் மூலையில் போய்ச் சொருகிக்கொண்டு வெளியே வர முடியாமல் நின்றார்கள். அந்தப் பழுதைப் பிடிக்க அவர் எழுதிய சின்ன விதி. அசையாமல் நின்றால் சிவப்பு. எழுதினார், பழுதைச் சரிசெய்தார், மறந்தார். விதி மறக்கவில்லை. அசையாமல் நின்றால்தான் வழி தெரியும் என்று ஓர் அறையைக் கட்டிவிட்டு, அசையாமல் நிற்கிறவனைத் தோற்றவன் என்று சொல்கிற காவலாளியையும் அவரே வாசலில் நிறுத்தியிருக்கிறார்.

“அது சுவத்துல சொருகுறதுக்காக வச்சது மேடம். இதுக்கு இல்ல. இப்பவே மாத்திடறேன்” என்றார், பின்னால் நின்ற மேடத்திடம்.

“மாத்தினா பழைய வெள்ளோட்டம் எதோடயும் ஒப்பிட முடியாது சார். மேலிடத்துல மூணு மாசமா இந்தப் படத்தைத்தான் காட்டிக்கிட்டு இருக்கோம்.”

“அவங்க மாட்டிக்கல மேடம். ரசிச்சுக்கிட்டு நின்னாங்க.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“எனக்குத் தெரியாதா? அது என் வீட்டுக்காரி!”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று புரிந்தது. சத்தக்காரர் நெற்றியில் கைவைத்துக்கொண்டார். மேடத்தின் முகத்தில் கோபம் இல்லை; உண்மையான வருத்தம் இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

“அப்ப இந்த ஆட்டத்தையே எடுத்துக்க முடியாதே சார். மத்த எல்லாருமே சிவப்புதான்.”

அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் மனைவி பேசிக்கொண்டே வந்தாள். “ஏங்க, ஒரு ரூம் வந்துச்சே, தண்ணி சொட்டுற ரூம். அது நீங்க பண்ணதா?”

“ம்.”

“அங்க யாருமே பேசலைங்க. எவ்வளவு நல்லா இருந்துச்சு தெரியுமா? இத்தனை வருஷமா இதையா நான் பொம்மை ஓட்டுறதுன்னு சொல்லிட்டிருந்தேன்?” என்று அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். “ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லப்போறேன். எப்ப வெளிய வரும்?”

“வரும்” என்றார்.

மறுநாள் காலை அந்த வேலை அவருக்கே வந்தது. வேறு யாருக்கு வரும்? அந்த அறையின் உள்ளும் புறமும் தெரிந்தவர் அவர்தானே. வாசலில் இருந்து குடம் வரைக்கும் தங்க அம்புக்குறி பதித்தார். பூனைக்கு ஒரு வசனம் சேர்த்தார். சொட்டுகள் மேலே தாளம் போட்டு ஓடும் இசை வந்து படுத்துக்கொண்டது. சத்தக்காரர் சொட்டுகளை அழிக்கவில்லை. சத்தத்தை மட்டும் தாழ்த்திவைத்தார். “கெடந்துட்டுப் போகட்டும்ணே, யாருக்குத் தெரியப்போவுது” என்றார். பூட்டு ஒரு தடவை விளையாடிப் பார்த்தார். நுழைந்த மூச்சில் வெளியே வந்துவிட்டார். பச்சை.

விளையாட்டு வெளியானது, பிய்த்துக்கொண்டு போனது. பேருந்தில் அவருக்குப் பக்கத்தில் நின்ற ஒரு கல்லூரிப் பெண் போனில் அதைத்தான் விளையாடிக்கொண்டிருந்தாள். சந்தோஷமாகத்தான் விளையாடினாள். பூனை சொன்னதைக் கேட்டு இருமுறை சிரிக்கவும் செய்தாள். அவளிடம் என்ன குறை சொல்ல முடியும்? பழைய ஆட்கள் இணையத்தில் மண்ணை வாரித் தூற்றினார்கள். ‘பூட்டு விலைபோய்விட்டார்’ என்று ஒருவன் எழுதியிருந்தான். பதில் எழுத உட்கார்ந்து, எழுதியதை அழித்துவிட்டு எழுந்துவிட்டார். அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். மேடம் முதல் துண்டை அவருக்குத்தான் கொடுத்தார்.

அறை மாறிய விஷயத்தை மட்டும் அவர் வீட்டில் சொல்லவில்லை. தினமும் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தார். அவளோ, “எங்க ஆபீஸ்ல நாலு பேர் வாங்கியாச்சு, நான்தான் அந்த ரூம் பத்திச் சொன்னேன்” என்பாள். வாய் மூடிக்கொள்ளும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் துணிகளைக் காயப்போட்டுவிட்டு அவளே வந்து டிவி முன்னால் உட்கார்ந்தாள். கைப்பிடியை இப்போது நேராகப் பிடிக்கத் தெரிந்திருந்தது. அவர் பின்னால் நாற்காலியில் இருந்தார். அவள் சுட்டாள், தாண்டினாள், பானைகளை உடைத்தாள். தங்கக் காசு சிதறும்போதெல்லாம், “நல்லா இருக்கே!” என்றாள். ஒரு கதவைத் தள்ளினாள். தரையில் அம்புக்குறி மினுங்கியது. “குடத்துக்குக் கீழே பாரு, குடத்துக்குக் கீழே!” என்று பூனை கத்தியது. அவள் குடத்தை நகர்த்திவிட்டு இறங்கினாள். இசை ஓடிக்கொண்டே இருந்தது.

இரண்டு அறைகள் தள்ளிப் போன பிறகு, திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

“ஏங்க, உங்க ரூம் எப்ப வரும்?”

அவர் கைகள் தொடைக்கு அடியில் இருந்தன.

“இன்னும் கொஞ்சம் போகணும்” என்றார்.

“வந்தா சொல்லுங்க. சத்தத்தைக் கூட்டி வச்சுக்கறேன்” என்றபடி அவள் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, அடுத்த பானையை உடைத்தாள்.