வெப்பம் காட்டும் பெட்டிக்கு ஓர் உறை

எங்கள் ஆபீசின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டவர் ஹிதாயத்துல்லா. எங்களுக்கு பாய். சேலையூர் கேம்ப் ரோட்டில் மருந்துக்கடைக்கு மேலே, அமெரிக்க டாக்டர்கள் பேசி அனுப்புவதைக் கேட்டு டைப் அடிக்கும் ஆபீஸ் அது. 2006இல் ஆறு கம்ப்யூட்டர், ஆறு பேர். முதலாளி எலியேசர் சார். டிவி ரிப்பேர் கடையை மூடிவிட்டு வேலை தேடி அலைந்த பாயை அங்கே சேர்த்துவிட்டது சாரின் மனைவி ஈவ்லின் அக்காதான்.

அந்த மார்ச்சில் மத்தியானமானால் கம்ப்யூட்டர்கள் தானாகவே அணைந்தன. பாதி அடித்த ஃபைல்கள் போயின. இனி ஒருநாள் வேலை நின்றாலும் வேறு ஆள் பார்த்துக்கொள்வேன் என்று சார் சொல்லிவிட்டார். பாய்க்கு வயது நாற்பத்திரண்டு. இதுவும் போனால் வேறு வேலை யார் கொடுப்பார்கள்?

காரணம் அவருக்கு முதல் நாளே தெரியும். எங்களுக்கும் தெரியும். கேம்ப் ரோட்டுப் புழுதிக்குப் பயந்து அக்கா ஒவ்வொரு சிபியூவுக்கும் தடித்த துணியில் உறை தைத்திருந்தார். முன்னால் ரோஜாப்பூ எம்பிராய்டரி. பின்னால், சூடான காற்று வெளியேறும் இடத்தில், நாடாவால் இறுக்கிய முடிச்சு. வேலை நடக்கும்போதும் அதைக் கழற்றக் கூடாது. கழற்றினால் அக்காவின் முகம் வாடிவிடும். வேலை வாங்கிக் கொடுத்த மகராசியிடம், உங்கள் தையல்தான் மெஷினைக் கொல்கிறது என்று எந்த வாயால் சொல்வது? பூனைக்கு யார் மணி கட்டுவது என்று நாங்களும் சும்மா இருந்துவிட்டோம்.

பாய் தனக்குப் பதிலாக ஒரு பெட்டியைச் செய்து பேசவைக்கப் பார்த்தார். ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய் மைக்ரோகண்ட்ரோலர் சில்லும், இரண்டு வரி ஓடும் டிஸ்ப்ளேயும் வாங்கிவந்தார். ஒவ்வொரு சிபியூவுக்குள்ளும் சூட்டை அளக்கும் சென்சாரை ஒட்டி, வயர்களைத் தன் மேசைக்கு இழுத்தார். புத்தகத்தை வைத்துக்கொண்டு மூன்று வாரம் புரோகிராமோடு மல்லுக்கட்டினார். முதலில் அணைத்து வைத்த கம்ப்யூட்டருக்குக்கூடத் தொண்ணூறு டிகிரி காட்டியது. நாங்கள் சிரித்தோம். அவரும் சிரித்தார்.

ஒருவழியாகப் பெட்டி சரியாகி, சாரும் அக்காவும் பார்க்க வந்தார்கள். பச்சை வெளிச்சத்தில் அறுபத்தெட்டு என்று தெரிந்தது. எழுபதைத் தாண்டினால் கூவும் என்றார் பாய். பிறகு, வயரைச் சரிபார்ப்பவர்போல் ஓர் உறையைக் கழற்றினார். பத்தே நிமிடத்தில் எண் ஐம்பத்துநாலுக்கு இறங்கியது. பாய் அக்காவைப் பார்த்தார். நாங்களும் அக்காவைப் பார்த்தோம். அக்கா பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு அழகா பண்ணியிருக்கீங்க தம்பி," என்றார்.

பாய், "அக்கா, அந்த உறை..." என்று ஆரம்பித்தார்.

"தெரியும் தம்பி. இதுக்கும் ஒண்ணு தெச்சுத் தரேன்."

திங்கட்கிழமை பெட்டி ரோஜாப்பூ உறைக்குள் இருந்தது. எண்கள் தெரியவில்லை. அது கூவுவது டாக்டர் பேச்சைக் கேட்க இடைஞ்சல் என்று சார் அதையும் நிறுத்தச் சொன்னார். பாய் கழற்றிய உறையை அக்காவே மாட்டி நாடாவை முடிந்தார்.

கத்திரி வெயில் தொடங்கிய வாரம் மூன்று கம்ப்யூட்டர்கள் ஒன்றாகப் படுத்தன. இரண்டு நாள் வேலை நின்றது. உள்ளே வயர் விட்டதால்தான் ஷார்ட் ஆகிவிட்டது என்று சார் முடிவுகட்டி, பாயை அன்றோடு நின்றுகொள்ளச் சொன்னார். பாய் தன் வயர்களைச் சுருட்டத் தொடங்கினார். நாங்கள் ஆறு பேரும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அவரவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே பெட்டியை உறையோடு அவர் கையில் கொடுத்தார். நான் பஸ் ஸ்டாப் வரை கூடப் போனேன். பஸ் வரும் வழியாக இல்லை.

"அந்த உறையைக் கழட்டிக் கடாசுங்க பாய்," என்றேன்.

"வேணாம்மா. அக்கா ஆசையா தெச்சது," என்று சொல்லி, அவிழ்ந்திருந்த நாடாவை இறுக்கி முடிந்தார்.