வேனம்மாவின் ஆறு ஒடுக்குகள்

பள்ளி வேனைக் கிளப்புவதற்கு முன் வேனம்மா அதை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். டயரில் காற்றுப் பார்க்கிறார் என்றுதான் தெருவே நினைத்துக்கொண்டிருந்தது. உண்மையில் அவர் ஒடுக்குகளை நலம் விசாரித்துக்கொண்டிருந்தார். கதவில் ஒரு தட்டு, பின் பம்பரில் ஒரு தட்டு, மட்கார்டில் ஒரு தடவல். மொத்தம் ஆறு. ஆறும் ஒரே வருடத்துச் சம்பாத்தியம்.

வேனம்மா என்பது பிள்ளைகள் வைத்த பெயர். அதற்கு முன் இருபத்தைந்து வருடம் அவர் வேன்காரர் வீட்டம்மா. அந்த வேன்காரர் வண்டியில் ஒரு கீறல் விழாமல் ஓட்டிய மகாராசன். போன வருடம் பள்ளி திறந்த மறுவாரம் சொந்தக் குளியலறையில் வழுக்கி, காலை இரண்டு இடத்தில் முறித்துக்கொண்டார். "ரோட்டுல விழாத மனுசன் சோப்புல விழுந்தாரு" என்று வேனம்மா அதை ஒரே வரியில் முடிப்பார். கல்யாணத்துக்கு முன் அண்ணனின் சரக்கு வண்டியில் பழகி எடுத்த லைசென்ஸை அவர் விடாமல் புதுப்பித்து வந்தது, அவருக்கும் பீரோவுக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம்.

முதல் ஒடுக்கு முதல் நாளே, சொந்த வீட்டுக் கேட்டில். "அடுத்தவன் வீட்டுல போய் இடிச்சா கேவலம். அதான் நம்ம வீட்டுலயே பழகிக்கிட்டேன்." மகளுக்கு நர்ஸ் வேலை கிடைத்த செய்தியை, வண்டியை ஓரங்கட்டி நிறுத்தித்தான் படித்தார்; படித்த சந்தோஷத்தில் முன்னால் போக வேண்டியவர் பின்னால் போய் விளக்குக் கம்பத்துக்கு வாழ்த்துச் சொன்னார். மட்கார்டில் இருப்பது மகன். தலைமையாசிரியர் கூப்பிட்டனுப்பிய நாளில், பள்ளிக் கேட்டில் விழுந்தது. அவன் வாய்க்கு வாய் பேசும்போதெல்லாம் அதைத் தட்டிக் காட்டுவார்: "இந்தா பாரு ராசா, கணக்குல நீ வாங்குன பதினொண்ணு." மற்ற மூன்றும் சும்மா விழுந்தவை.

விடுமுறையில் கணவர் ஊன்றுகோலைப் பரணில் தூக்கிப் போட்டார். அடுத்த வேலையாக வேனைப் பட்டறைக்கு அனுப்பினார். "ஒண்ணு விடாம எடுக்கச் சொல்லு. ஸ்கூல் தொறந்தா நான்தான் ஓட்டுவேன். வருசத்துக்கு ஆறு இடி! வெளிய தலைகாட்ட முடியல."

வேனம்மா பட்டறையில் ஸ்டூலைப் போட்டு, ஒடுக்கெடுக்கும் டிங்கரின் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

"அது எம் பொண்ணு தம்பி, மெதுவா. இது எம் பையன். நல்லா ரெண்டு போடுங்க."

"நான் வண்டிக்கு வேல பாக்குறேனா, உங்க குடும்பத்துக்கா, அக்கா?" என்ற டிங்கர், சிரித்தபடியே கேட்டார்: "கஷ்டம் வந்த நாள்ல எதுவும் இடிக்கலயா?"

"எங்கப்பா போயிட்டாருன்னு போன் வந்தப்ப வண்டியில பதினாலு புள்ளைங்க. கடைசிப் புள்ளைய எறக்கி விடுற வரைக்கும் அழக்கூடாதுன்னு ஓட்டுனேன். அன்னிக்கு ஒரு கீறல் கெடையாது."

சுத்தியல் நின்றது.

"அடிங்க தம்பி, நேரமாவுது."

கொஞ்ச நேரம் கழித்து டிங்கர் மெல்ல இழுத்தார். "அப்ப இனிமே அண்ணன்தான் ஓட்டுறாரா?"

"அவரு சொல்லியிருக்காரு. நான் இன்னும் சொல்லல."

சொல்லத்தான் தெரியவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்த கையால் இனி நாள் முழுக்கக் கரண்டியை மட்டும் பிடிக்க அவருக்கு மனசில்லை. இருபத்தைந்து வருடம் ஓட்டியவரிடம் "தள்ளி உட்காருங்க" என்று எந்த வாயால் சொல்வது?

பள்ளி திறந்த அன்று வேன் கண்ணாடிபோல் நின்றது. வாசலில் பிள்ளைகள் கூட்டம். புதிதாகச் சேர்ந்த எல்.கே.ஜி. பெண் ஒருத்தி, அம்மா விட்டுப்போன திசையைப் பார்த்து ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தாள். இஸ்திரி போட்ட சட்டையில் கணவர் வந்தார். ஓட்டுநர் கதவருகே நின்று கையை நீட்டினார்.

"சாவியக் குடு."

வேனம்மா அந்தக் கையை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு குனிந்து, அழுதுகொண்டிருந்தவளின் பிஞ்சுக் கையை எடுத்து அதில் வைத்தார்.

"இவள ஜன்னலோரம் உக்கார வெச்சு, பக்கத்துல நீங்க உக்காருங்க. எறங்குற வரைக்கும் கைய விட்றாதீங்க."

அவர் அந்தக் கையை விடவும் முடியாமல், வேறொன்று கேட்கவும் முடியாமல் நிற்கும்போதே, வேனம்மா ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார்.