இளநீருக்குத் தடை

முழங்கால் ஆபரேஷன் முடிந்த மறுநாள் என் கணவருக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தது நான்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டாம். கட்டிலோரம் சிறுநீர்ப் பை காலியாகவே தொங்கியது. எங்கள் வீட்டில் ஒன்றுக்குச் சரியாகப் போகவில்லை என்றால் இளநீர்தான் மருந்து. துவாரகா மெட்ரோ ஸ்டேஷன் வாசலில் நின்ற இளநீர்க்கார பையாவிடம் மூன்று காய் வெட்டச் சொல்லி, பாட்டிலில் ஊற்றி எடுத்துப்போய், மொத்தத்தையும் குடிக்க வைத்தேன். நர்ஸிடம் கேட்கத் தோன்றவில்லை. இளநீருக்கு யாராவது அனுமதி கேட்பார்களா?

சாயங்காலம் அவருக்கு நெஞ்சு படபடத்தது. மானிட்டரில் கோடு தாறுமாறாக ஓடியது. டாக்டர் ஓடிவந்து, என்ன கொடுத்தீர்கள் என்று இந்தியில் கேட்டார். "நாரியல் பானி" என்றேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். ஆபரேஷனில் ரத்த அழுத்தம் இறங்கியதில் சிறுநீரகம் திடீரென்று சுணங்கிவிட்டதாம். அது வெளியே தள்ள வேண்டிய பொட்டாசியம் ரத்தத்திலேயே தேங்கினால் இதயத்தையே நிறுத்திவிடுமாம். இளநீரில் அதுதான் நிறைய.

ஐசியூ வாசலில் வெட்கமில்லாமல் அழுதேன். ஊசி போட்டார்கள், டயாலிசிஸ் செய்தார்கள். மறுநாள் காலை கண் விழித்தவர் கேட்ட முதல் கேள்வி, "எளநி இருக்கா?"

அவரை வார்டுக்கு மாற்றிய அன்றைக்கே லோதி ரோட்டிலிருந்து அவருடைய அக்கா ஸ்டீல் கூஜாவோடு வந்துவிட்டார். தம்பிக்கு உடம்புச் சூடு என்பது அவருடைய கணிப்பு. விஷயத்தைச் சொன்னேன், கேட்கவில்லை. கட்டிலை மறித்து நின்றேன்.

"ஏட்டி, எளநி குடிச்சு எவன் செத்தான்?"

"இன்னும் யாரும் சாகல மதினி. சாகவும் விடமாட்டேன்."

கூஜாவைப் பிடுங்கி வாஷ்பேசினில் கடைசிச் சொட்டு வரை கவிழ்த்தேன். வார்டே பார்த்தது. பார்க்கட்டும். பெரியவர்களை மதிக்கத் தெரியாதவள் என்று திருநெல்வேலி வரைக்கும் போன் போனது. போகட்டும். அந்தத் தப்பை நான் ஒருமுறை செய்துவிட்டேன். அதையே இன்னொருவர் பாசத்தோடு செய்ய வந்தால் இடம் கொடுக்க மாட்டேன்.

சிறுநீரகம் மெல்லத் தேறியது. இதயத்தை மட்டும் அவ்வப்போது வந்து காட்டச் சொல்லியிருக்கிறார்கள், காட்டுகிறோம்.

மதினி ஒரு வருஷமாக என்னோடு பேசுவதில்லை. தம்பியோடு தினமும் காலையில் அரைமணி நேரம் போனில் பேசுகிறார், பெரும்பாலும் என்னைத் திட்டித்தான். நன்றாகத் திட்டட்டும். கேட்பதற்குத் தம்பி உயிரோடு இருக்கிறார்.