ஒரு இனிஷியல் போதாத வீடு

எங்கள் கல்மண்டபம் ஏரியாவில் எல்லோரும் ஒரே ஒரு இனிஷியலை வைத்துக்கொண்டு நிம்மதியாகத்தான் வாழ்கிறார்கள். என் நைனாவுக்கு அது போதவில்லை. சோமாலியாவிலிருந்து படிக்க வந்தவர், அங்கே சண்டை மூண்டு திரும்பிப் போக வழியில்லாமல், மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கும் வேலைக்குப் போனார். என் அம்மாவைக் கட்டிக்கொண்டார். வேலை முடிந்து ஈரச் சட்டையோடு வந்து உட்கார்ந்ததும் என்னை எதிரே நிறுத்துவார். என் பெயர், அவர் பெயர், அவர் அப்பா பெயர், தாத்தா பெயர் என்று வம்சத்தின் முதல் ஆள் வரை மூச்சுவிடாமல் சொல்ல வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் மறுபடி முதலிலிருந்து.

"ரேஷன் கார்டுல இத்தினி பேருக்கு எடம் ஏதுய்யா?" என்று அம்மா கிண்டலடிப்பாள்.

"எங்க ஊர்ல நீ யாரு வூட்டு ஆளுன்னுதான் கேப்பாங்கோ. இத்த சொன்னா எந்த கதவும் தொறக்கும்," என்பார் நைனா. அவர் மொழியைச் சொல்லித்தர உடம்பில் தெம்பு மிச்சமில்லை. பெயர்களை மட்டும் விடவில்லை.

அம்மா செத்துப்போய்விட்டாள். போன வருஷம் பக்கவாதம் வந்து நைனாவுக்குப் பேச்சு நின்றது. காது மட்டும் நன்றாகக் கேட்டது. அவர் காலமெல்லாம் தேடிய அண்ணன், என் பெரியப்பா, அதற்குப் பிறகுதான் ஃபேஸ்புக்கில், மகன் மூலமாகக் கிடைத்தார். அந்த மகன் பெங்களூரில் படித்துவிட்டுப் போனவன். அவனும் நானும் ஆங்கிலத்தில் ஒப்பேற்றினோம்.

படுக்கைக்குப் பக்கத்தில் போனை ஸ்பீக்கரில் வைத்தேன். பெரியப்பா நம்பவில்லை. தம்பி எப்போதோ செத்துவிட்டதாகத்தான் அங்கே நினைத்திருந்தார்கள். நான் பெயர்களை ஆரம்பித்தேன். ஒன்றுகூடத் தவறவில்லை. பாதியில் அவரும் சேர்ந்துகொண்டார். கடைசிப் பெயரை இருவரும் ஒன்றாகச் சொன்னோம். அவர் அழுதார், நைனாவும் அழுதார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பிறகு பெரியப்பா ஏதோ கேட்டார். உடனே நைனா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"தம்பிக்கு மகன் இல்லையா என்று கேட்கிறார்," என்றான் பெரியப்பா மகன்.

இல்லை என்றேன்.

"அப்படியானால் இந்த வரிசை தம்பியோடு முடிந்தது என்கிறார். மகளின் பிள்ளைகள் வேறு வம்சம்."

உண்மைதான். என் பையனுக்கு அவன் அப்பா இனிஷியல்தான். இது நைனாவுக்குத் தெரியாதா? தெரிந்தேதான் தினமும் என்னை நிறுத்திச் சொல்லவைத்திருக்கிறார். 'எனக்கு ஒரு மகள் இருக்கிறாள்' என்று பெரியப்பாவிடம் அந்த மொழியில் சொல்ல இந்த வீட்டில் ஒருவர்தான் உண்டு. அவருக்குப் பேச்சு இல்லை.

"நைனா, இந்தாண்ட திரும்பு நைனா," என்றேன்.

அவர் திரும்பவில்லை.